பாலத்தடி நிறுத்தத்தின் சராசரி

"அக்கா, யாருங்க்கா இந்தப் பேச்சியம்மா?" என்று போனில் கேட்டாள் திவ்யா.

அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. கேள்வி காதில் விழுந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். துடியலூரில் டயர் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் அலுவலகத்தை இப்போது நடத்துபவள் திவ்யா. நான் அங்கேதான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நான் எழுதிவைத்த ஃபங்ஷன்கள், அதாவது ஆளுக்கொரு கணக்கைப் போட்டுத் தருகிற சின்னச் சின்னப் புரோகிராம் துண்டுகள், இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போதெல்லாம் புரோகிராம் எழுதித் தருவதற்கே ஒரு மெசின் வந்துவிட்டதல்லவா? அந்த மெசின் என்னுடைய பழைய சராசரி ஃபங்ஷனைப் படித்துப் பார்த்துவிட்டு யோசனை சொல்லியிருக்கிறது. லிஸ்ட் காலியாக இருந்தால் இது எரர் கொடுத்து நின்றுவிடுகிறது, பூஜ்ஜியம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டால் ஓடிவிடும், மேலே உள்ள குறிப்பும் தேவையில்லாதது என்றதாம். அந்தக் குறிப்பு இது: "இங்கே பூஜ்ஜியம் போடாதீர்கள். பேச்சியம்மா நிற்கிறார்."

"எடுத்துரட்டுங்களாக்கா? நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கோணும்."

"எடுத்துப்பாரு, கையை ஒடிச்சுருவேன்."

திவ்யா சிரித்தாள். என் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியும். "அப்ப யாருன்னு சொல்லுங்க. இல்லீனா எழுதியே குடுங்க. புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் இதே கேள்வியத்தான் கேக்கறாங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஜமீலா. உக்கடம் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அத்தா பூட்டும் கீலும் விற்கும் கடை வைத்திருந்தார். கணக்கில் பட்டம், கம்ப்யூட்டரில் ஒரு டிப்ளமோ, யாருக்கும் வேண்டாத புரோகிராம்களை எழுதிய இரண்டு கம்பெனிகள், அப்புறம் துடியலூர். படித்த கதையும் வேலை தேடிய கதையும் அவ்வளவுதான். துடியலூரில் நாங்கள் செய்தது ஏஜென்ட் வைத்துச் செய்கிற சிமுலேஷன் வேலை. அத்தாவிடம் சொன்னபோது, "என்ன ஏஜென்சிம்மா, சிமெண்டா, பெயிண்டா?" என்று கேட்டார். ஏஜென்ட் என்றால் கம்ப்யூட்டருக்குள் நாம் உண்டாக்கி விடுகிற ஓர் ஆள். அவனுக்கென்று ஒரு குணம் கொடுத்துவிடலாம். வரிசையில் நிற்பான், பொறுமை போனால் கிளம்பிவிடுவான், பக்கத்து ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் இவனுக்கும் வரும். அப்படி ஆயிரக்கணக்கானவர்களை விட்டு ஓட்டிப் பார்த்தால், நிஜத்தில் ஒரு மாற்றம் செய்வதற்கு முன்னாலேயே அது என்ன செய்யும் என்று ஒரு மாதிரி தெரிந்துவிடும். அத்தா கடைசிவரை பெயிண்ட் ஏஜென்சி என்றே உறவுக்காரர்களிடம் சொல்லிவந்தார். நானும் விட்டுவிட்டேன்.

அலுவலகத்தை ஆரம்பித்தவர் நாச்சிமுத்து சார். தாராபுரத்துக்காரர், கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எங்களைவிட எவ்வளவோ மூத்தவர், ஆனாலும் எல்லோருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். ஊரிலிருந்து வறுத்த நிலக்கடலை கொண்டுவந்து மேசையில் வைத்திருப்பார். யாராவது ஃபங்ஷன் எழுதி முடித்தால் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடலையை உரித்தபடியே, "படிங்க அம்மணி" என்பார். திரையில் இருப்பதை அப்படியே வாசித்தால் போதாது. வேற்று ஆளுக்கு விளக்குவதுபோலத் தமிழில் வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் நமக்கு நாக்குத் தடுமாறுகிறதோ அந்த இடத்தில் பிழை இருக்கும். தப்பு என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். கடலை உரிப்பதை நிறுத்திவிடுவார். அந்தச் சத்தம் நின்றால் நாங்கள் முதல் வரியிலிருந்து திரும்பப் படிப்போம்.

நான் சேர்ந்த புதிதில் பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காக நோய் பரவுகிற சிமுலேஷன் செய்தோம். ஒவ்வொரு கோழியும் ஓர் ஏஜென்ட். சராசரி எடை, எடையில் எவ்வளவு ஏற்ற இறக்கம், அதிகபட்சம் எவ்வளவு என்று அளந்து சொல்கிற ஃபங்ஷன்களை அந்தப் புரோகிராமுக்குள்ளேயே எழுதினேன். அடுத்ததாக ஒரு கண் ஆஸ்பத்திரி வந்தது. நோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சராசரி எங்கே போனாலும் சராசரிதானே! கோழிப் புரோகிராமை அப்படியே காப்பி அடித்துப் பெயர்களை மாற்றினேன். எல்லாவற்றையும் மாற்றியதாகத்தான் நினைத்தேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஏனுங்க, எங்க ஆஸ்பத்திரிக்குக் கோழியெல்லாம் வர்றதில்லீங்களே" என்றார். 'ஒரு கோழிக்குச் சராசரிக் காத்திருப்பு நேரம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு இருந்தது.

திரும்பி வரும்போது சார்தான் வண்டியை ஓட்டினார். கவுண்டம்பாளையம் தாண்டியதும் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "கண்ணு தெரியலீன்னு வந்த சனத்தக் கோழியாக்கிப்போட்டீங்களே அம்மணி!" எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஏஜென்ட் என்ற சொல்லை அவர் உபயோகிக்க மாட்டார். எங்கள் புரோகிராமுக்குள் இருக்கிற ஆள்கள் அவருக்குச் சனம்தான். "இன்னிக்கு நம்ம சனம் எத்தன பேருங்க?" என்றுதான் கேட்பார்.

அந்த வாரமே வேலை முறையை மாற்றினார். அளக்கிற ஃபங்ஷன்களையெல்லாம் தனியாக ஒரு ஃபைலில் போட்டு அதற்கு 'வள்ளம்' என்று பெயர் வைத்தார். வள்ளம் என்பது எங்கள் பக்கத்தில் தானியம் அளக்கிற பாத்திரம், படியைவிடப் பெரியது. "எங்கூர்ல ஒரே வள்ளம் நாலு ஊட்டுக்கு இரவல் போகுமுங்க. உள்ள இருக்கறது நெல்லா கம்பான்னு அதுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஃபங்ஷன் எதிலும் கோழியோ நோயாளியோ கிடையாது. யாரை அளப்பது, அவர்களிடம் எதை அளப்பது என்ற இரண்டையும் கூப்பிடுகிறவர் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஃபங்ஷன் அளந்து சொல்வதோடு சரி.

வள்ளத்துக்குள் நுழைய ஒவ்வொரு ஃபங்ஷனும் நான்கு சோதனைகளைத் தாண்ட வேண்டும். ஒற்றை ஆளை மட்டும் கொடுப்போம். எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிற கூட்டத்தைக் கொடுப்போம். தேர்த்திருவிழா மாதிரி பெரும் கூட்டத்தைக் கொடுப்போம். கடைசியாக யாருமே இல்லாத காலி லிஸ்ட்டைக் கொடுப்போம். இதற்கு 'ஆளில்லா ஊடு' என்று சார் பெயர் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வர வேண்டும் என்று முதலில் கையால் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம்தான் ஓட்டுவோம். ஓட்டிப் பார்த்துவிட்டு அதற்கேற்ற மாதிரி கணக்குப் போடுகிற கெட்டிக்காரத்தனமெல்லாம் அவரிடம் செல்லாது.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது இந்த ஆளில்லா ஊட்டில்தான். யாருமே இல்லை என்றால் சராசரி என்ன? கூட்டுத்தொகை பூஜ்ஜியம், ஆள்களும் பூஜ்ஜியம், பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. அதனால் என் ஃபங்ஷன் அந்த இடத்தில் 'அளக்க ஆளில்லை' என்று எரர் கொடுத்து நின்றுவிடும். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அவரும் முதலில் ஒப்புக்கொண்டார்.

பிறகு ஒரு நூல் மில்லுக்கு டெமோ காட்டப் போனோம். மெசின் ரிப்பேரானால் சரிசெய்ய சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பது ஒரு கட்டத்தில் வரும். நாங்கள் ஓட்டிக் காட்டிய அன்று பார்த்து சிமுலேஷனில் ஒரு மெசினும் ரிப்பேராகவில்லை. லிஸ்ட் காலி. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்து எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. மில்காரர், "என்னங்க சார், எங்க மெசின் நல்லாத்தான் ஓடுது, உங்க மெசின்தான் ரிப்பேராயிருச்சு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாரின் காது மடல் சிவந்துபோனதைப் பார்த்தேன். அந்த வேலை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும், "ஆளில்லீன்னா ஜீரோன்னு குடுத்துருங்க அம்மணி" என்றார்.

"அதெப்படிங்க சார்? இல்லைங்கறது வேற, ஜீரோங்கறது வேற."

"ரிப்பேரே இல்லீன்னா ரிப்பேருக்கு ஆன நேரம் ஜீரோதானுங்க. இதுல என்ன பொய் இருக்குது?"

"இந்த மில்லுக்குச் சரிங்க. வள்ளம் நாளைக்கு வேற ஊட்டுக்குப் போகுமே, அங்க?"

"ரிப்போர்ட் நிக்கக் கூடாதுங்க. கேட்டா ஒரு நம்பர் வரோணும். அவ்வளவுதானுங்க."

முதலாளி அவர். மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் அவருடைய கடலையைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு வள்ளம் பல இடங்களுக்குப் போயிற்று. எங்கும் ஒரு தகராறும் இல்லை. எனக்கே அந்தச் சண்டை மறந்துவிட்டது. அப்போதுதான் வால்பாறை வேலை வந்தது.

பஸ் ரூட்டுகளை ஆராய்ந்து யோசனை சொல்கிற ஓர் ஆலோசனைக் கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. அதன் மேனேஜர் ராஜ்மோகன் துடிப்பான மனிதர். வால்பாறைக்கு மேலே நீலிக்கல் எஸ்டேட்டிலிருந்து காலையில் இரண்டு பஸ்கள் டவுனுக்கு இறங்கி வந்துகொண்டிருந்தன. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் சனங்கள் எவ்வளவு கூடுதலாகக் காத்திருக்க வேண்டிவரும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். இது ஒழுங்காக முடிந்தால் மாவட்டம் முழுவதற்குமான வேலை எங்களுக்கு என்றார். அந்தச் சமயம் அலுவலகத்தில் சம்பளமே தள்ளித் தள்ளித்தான் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் அந்தப் பெரிய வேலையை எதிர்பார்த்திருந்தோம்.

எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் எப்போது வந்து நிற்கிறார்கள் என்று நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ள நான் போனேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி முடிப்பதற்குள் இரண்டு முறை வாந்தி. எஸ்டேட்டுக்கும் டவுனுக்கும் நடுவில் பாலத்தடி என்று ஒரு நிறுத்தம். கூரை கிடையாது. தேயிலைச் சரிவு, ஒரு சின்னப் பாலம், கீழே ஓடை. காலை மழையில் குடை பிடித்துக்கொண்டு, காலில் அட்டை ஏறுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கேதான் பேச்சியம்மாவைப் பார்த்தேன். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். வேலைக்குப் போகிற கோலத்தில், இடுப்பில் ரப்பர் ஷீட்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். பக்கத்தில் அவருடைய மகள் கலைச்செல்வி குடைக்குள் நின்று புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். டவுன் கல்லூரியில் பி.காம் முதல் வருஷம்.

"டீச்சரம்மா, என்ன எழுதுதீங்க?" என்று கேட்டார் பேச்சியம்மா. அவர்களுடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தது. பேச்சில் அது போகவில்லை.

"பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிக்கறீங்கன்னு எழுதறேங்க்கா."

"அத ஏன் கேக்கீங்க! மொத வண்டி மேலயே ரொம்பிரும். இங்கன நிக்காது. டிரைவரு கைய மட்டும் ஆட்டிக்கிட்டே போவாரு. ரெண்டாவது வண்டிலதான் இவ ஏறணும்."

"நீங்க எதுக்குங்க மழையில நிக்கறீங்க?"

"சிறுத்தை நடமாட்டம் இருக்குல்லா. இவள ஏத்திவிட்டுட்டுத்தான் நான் வேலைக்கு ஓடுவேன். பேர் கூப்பிடதுக்குள்ள போகணும், இல்லேன்னா அரை நாள் போச்சு." மகளுக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தார். "இவ அப்பா இப்பமே முனங்குதாரு. ரெண்டாவது வண்டிய நிப்பாட்டப் போறதா ஒரு பேச்சு அடிபடுதுல்லா? நிப்பாட்டிட்டா காட்டு வழியா நடக்கவிட மாட்டாராம். கொழுந்து பறிக்கக் கூட்டிட்டுப் போங்காரு. அந்த வண்டி வர வரைக்கும்தான் டீச்சரம்மா இவ படிப்பு."

என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது வண்டி வந்தது. கலைச்செல்வி புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடியே ஏறினாள். பேச்சியம்மா சரிவில் ஓடியே போனார். அந்த வயதில் அந்த வழுக்குப் பாதையில் என்னால் நடக்கக்கூட முடியாது.

திரும்பி வந்து சிமுலேஷனைக் கட்டினேன். சனத்துக்கு எங்களிடம் பெயர் கிடையாது, எண்தான். ஆனாலும் பாலத்தடியில் நிற்கிறவர்களில் எது கலைச்செல்வி என்று எனக்குத் தெரியும். இரண்டு பஸ்ஸை விட்டும் ஒரு பஸ்ஸை விட்டும் ஓட்டி, முடிவுகளை ராஜ்மோகனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"மேடம், சூப்பர்! ஒரு வண்டிய எடுத்தா சராசரிக் காத்திருப்பு குறையுதே! நான் கூடும்னு பயந்துட்டு இருந்தேன். நாளைக்கு மீட்டிங், பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்துருங்க."

வண்டி குறைந்தால் காத்திருப்பு குறையுமா? இதென்ன கூத்து என்று பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நிறுத்தம் நிறுத்தமாகச் சராசரி போட்டிருந்தது. மற்ற எல்லா நிறுத்தத்திலும் கொஞ்சம் கூடியிருந்தது. பாலத்தடியில் மட்டும், இரண்டு பஸ் ஓடும்போது ரூட்டிலேயே அதிகமாக இருந்த காத்திருப்பு, ஒரு பஸ் ஆனதும் பூஜ்ஜியம். பச்சை நிறம் அடித்து 'சிறந்த நிறுத்தம்' என்று புரோகிராம் பட்டமும் கொடுத்திருந்தது. அந்தப் பூஜ்ஜியம்தான் மொத்தச் சராசரியையும் கீழே இழுத்துவிட்டிருந்தது. அந்த மழையில் நின்றவள் நான். பூஜ்ஜியமாவது மண்ணாவது! பாலத்தடியின் லிஸ்ட்டைத் திறந்தேன். காலியாக இருந்தது.

சாரைக் கூப்பிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடலையை எடுத்தார். "படிங்க அம்மணி."

"பாலத்தடியில் பஸ் ஏறியவர்களை எடு. ஒவ்வொருவரும் ஏறும்வரை காத்திருந்த நேரத்தைக் கூட்டு. ஏறியவர்களின் எண்ணிக்கையால் வகு. ஏறியவர் யாரும் இல்லையென்றால்..." அங்கே எனக்கு நாக்குத் தடுமாறியது.

"சொல்லுங்க."

"பூஜ்ஜியம் என்று சொல்."

கடலை உடைகிற சத்தம் நின்றது. உரிக்காத கடலையை விரலிடுக்கில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறாத சனமெல்லாம் எங்கீங்க அம்மணி?"

"அங்கயேதானுங்க சார். இருக்கற ஒரு வண்டியும் மேலயே ரொம்பி வந்துருது. சிமுலேஷன் முடியற வரைக்கும் பாலத்தடியிலயே நின்னுட்டு இருக்காங்க. ஏறுனவங்களத்தான் நாம எண்ணறோம், நிக்கறவங்கள எண்ணறதில்ல."

பேச்சியம்மாவைப் பற்றியும் கலைச்செல்வியைப் பற்றியும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். "நீங்க அன்னிக்கே சொன்னீங்க" என்றார்.

"சொன்னேனுங்க சார்." பெருந்தன்மையாகச் சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முகத்தில் தெளிவில்லை. மாவட்டம் முழுவதற்குமான வேலை இந்த ரிப்போர்ட்டை நம்பி இருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஏறாதவங்க காலம்பற பூரா நின்னதா வெச்சு ஒரு நம்பர் போட்டுக் குடுத்துறலாங்களா சார்? யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

"அப்புறம் அந்த நம்பருக்கு யாருங்க ஜவாப்பு? நாளைக்கு நானே வாரேனுங்க" என்று எழுந்துபோனார். கடலை மேசையிலேயே கிடந்தது.

மீட்டிங் அவினாசி ரோட்டில் ஒரு கண்ணாடி அறையில் நடந்தது. ராஜ்மோகனும் அவருடைய மேலதிகாரிகள் இருவரும் இருந்தார்கள். சார் காப்பியை மூடியபடியே தள்ளிவைத்துவிட்டு, "மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. நாங்க அனுப்புன கணக்குத் தப்புங்க. எங்க வள்ளம் ஓட்டைங்க" என்றார். வள்ளம் என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. பாலத்தடியில் என்ன நடந்தது என்பதையும் சொன்னேன்.

ராஜ்மோகனின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் சமாளித்துக்கொண்டார். "பரவால்லீங்க சார், மாத்திக்கலாம். ஒரு வண்டி மட்டும் ஓடுனா பாலத்தடிக்குச் சரியான சராசரி எவ்வளவுங்க? அதைச் சொல்லுங்க."

"நம்பர் இல்லீங்க" என்றார் சார்.

கேட்டால் ஒரு நம்பர் வர வேண்டும் என்று என்னோடு சண்டை போட்ட மனிதர் இவர். நான் திரும்பி அவரையே பார்த்தேன்.

"நம்பர் இல்லாம நான் மேல என்னத்தைக் காட்டறதுங்க? காத்திருக்கற நேரம் எவ்வளவுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"இன்னும் நின்னுட்டுத்தான் இருக்காங்கன்னு சொல்லுங்க. எத்தன பேரு ஏறலைங்கறது எங்ககிட்ட இருக்குதுங்க, அதக் காட்டுங்க. எவ்வளவு நேரம்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க."

மேலதிகாரிகளில் மூத்தவர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, பச்சையாக இருந்த பாலத்தடியின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். "இதை நிறுத்தி வைங்க" என்றார். ரிப்போர்ட்டையா, வண்டியை எடுக்கிற யோசனையையா என்று எனக்குப் புரியவில்லை. வெளியே வந்து சாரிடம் கேட்டேன். "எனக்கும் புரியலீங்க அம்மணி. ரெண்டுமே நின்னா நல்லதுதானுங்க" என்றார்.

இரண்டுமே நின்றன. இரண்டாவது வண்டியை எடுக்கவில்லை. அதற்கு எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கலாம், எங்களால்தான் என்று மார்தட்ட மாட்டேன். மாவட்ட வேலை எங்களுக்கு வரவில்லை. ராஜ்மோகன் அப்புறம் போனே செய்யவில்லை. சார் அடுத்த பல வாரங்கள் வேறு எதையும் எடுத்துக்கொள்ளாமல், வள்ளம் போன ஒவ்வொரு பழைய ரிப்போர்ட்டையும் எங்களை வைத்துத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். பூஜ்ஜியம் வந்த இடங்களுக்கெல்லாம் அவரே போன் செய்தார். "ஏனுங்க, பழைய கணக்கு ஒண்ணு பாக்கோணுமுங்க" என்று அவர் ஆரம்பிக்கிற தோரணையே தனி. திட்டுகிறவர்கள் திட்டினார்கள், சிலர் அந்த நேர்மைக்காகவே புது வேலை கொடுத்தார்கள். சம்பளம் எப்படியோ வந்துகொண்டிருந்தது.

ஃபங்ஷனை நான் பழையபடி மாற்றினேன். காலியாக இருந்தால் நிற்கும். கூடவே, அளந்தவர்கள் எத்தனை பேர், அளக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் சொல்லும். மாற்றி முடித்ததும் சார் என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அந்தக் குறிப்பை அடித்தார். 'இங்கே பூஜ்ஜியம் போடாதீர்கள். பேச்சியம்மா நிற்கிறார்.' அவர் பேச்சியம்மாவைப் பார்த்ததே கிடையாது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சாருக்கு மனதில் ஒன்று மிச்சம் இருந்தது. ஓய்வு பெற்றுத் தாராபுரத்துக்கே போய்விட்ட பிறகும் எப்போது போன் செய்தாலும், நலம் விசாரித்து முடித்ததும் கேட்பார். "அந்தப் புள்ள படிச்சு முடிச்சுதுங்களா அம்மணி?"

"தெரியலீங்க சார்."

"தெரியலீன்னா தெரியலீன்னே இருக்கட்டும். ஜீரோ போட்டுறாதீங்க" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம். ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளே ஒரு முள் குத்தும். வால்பாறை என்ன அமெரிக்காவா? ஒரு நாள் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். இல்லை என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் போகவேயில்லை.

திவ்யாவிடம் இவ்வளவையும் போனில் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன். மறுநாள் அவளே கூப்பிட்டாள். தாராபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெசின்களுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கிற வேலைக்குத்தான் அவள் சொன்ன ரிப்போர்ட். "அக்கா, லிஸ்ட் ஏன் காலின்னு பாத்தேனுங்க. சாயங்கால ஷிப்டுல ஒருத்தருக்கும் மெசின் கெடைக்கலீங்க. அத்தன பேரும் உக்காந்துட்டே இருந்திருக்காங்க. ஜீரோ போட்டிருந்தா அதுதான் நல்ல ஷிப்டுன்னு ரிப்போர்ட் வந்திருக்குமுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் பேச்சியம்மாவத் தொடலீங்க்கா" என்றாள்.

போனை வைத்ததும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த நாளே பொள்ளாச்சி பஸ் ஏறி, அங்கிருந்து வால்பாறை போனேன். வாந்தி இந்த முறை ஒரு தடவைதான். ராத்திரி டவுனில் தங்கி, காலையில் ஓர் ஆட்டோ பிடித்துப் பாலத்தடி போய் இறங்கினேன். நிறுத்தத்துக்கு இப்போது தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். சீருடைப் பிள்ளைகளும் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். முதல் வண்டி நிரம்பி வழிந்துகொண்டு வந்தது. டிரைவர் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பெண்களில் ஒருவரிடம் பேச்சியம்மா இருக்கிறாரா என்று கேட்டேன்.

"பேச்சி மதினியா? அவுக பென்சன் வாங்கி மவ வீட்டுக்குப் போயி எத்தனையோ வருசம் ஆச்சே. பொள்ளாச்சில இருக்காவ. நீங்க யாரு, டீச்சரா?"

"மகள்னா... கலைச்செல்வியா? அந்தப் பொண்ணு காலேஜ் முடிச்சுதுங்களா?"

"முடிச்சாளாவா! இந்தப் பாலத்துக்கு இங்கிட்டுப் பட்டம் வாங்கின மொத புள்ள அவதான? மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்கா. எம் மவளையும் இந்த வண்டில ஏத்திவிடச் சொல்லி அவதான் எங்கிட்டச் சண்டை போட்டுப் படிக்கச் சேத்துவிட்டா" என்று பக்கத்தில் நின்ற பெண்பிள்ளையைக் காட்டினார்.

இரண்டாவது வண்டி வந்தது. பிள்ளைகளோடு நானும் ஏறிக்கொண்டேன். எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் தாராபுரத்துக்குப் போன் போட்டேன். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது.

"சார், ஜமீலாங்க. பாலத்தடியில இருந்து பஸ்ல வாரேனுங்க."

அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. நான் இன்னும் உரக்கச் சொன்னேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தப் புள்ள படிச்சு முடிச்சுருச்சுங்க சார்! பி.காம் முடிச்சு மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்குதாமுங்க!"

வளைவில் திரும்பும்போது போனில் கரகரவென்று இரைச்சல் வந்தது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இப்பப் போட்டுக்கங்க அம்மணி," என்றார் சார். "ஒண்ணு."